நல்ல எண்ணெய்

ஜனவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

சுண்டெலி எழுதுகிறேன். இந்தப் பெயரை வைத்ததே நீங்கள்தான் என்பதால், யாரென்று தெரியாத மாதிரி நடிக்க முடியாது. உங்கள் முகவரியை உங்கள் தம்பியிடம் வாங்கினேன். முதலில் தரமாட்டேன் என்றார். கொஞ்சம் சோப்பு போட்டேன், தந்துவிட்டார். அவரைத் திட்டாதீர்கள்.

சோப்பு என்றதும் விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். நீங்கள் வீட்டில் செய்து வைத்துவிட்டுப் போன சோப்பு தீர்ந்துவிட்டது. கடைசிக் கட்டி நகம் போலத் தேய்ந்தபோது, அதற்கு முந்தைய கட்டியின் மிச்சத்தோடு சேர்த்து அமுக்கிக் கொஞ்ச நாள் ஓட்டினேன். பிறகு அதுவும் தண்ணீரோடு போய்விட்டது. கடைச் சோப்புக்கு மாறினேன். கூடவே குளிரும் வந்தது. இப்போது வெடிக்காத விரல் என்று ஒன்றுகூட இல்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து கிழிந்த புத்தகங்களைச் சரிசெய்கிறேன். ஒவ்வொரு புத்தகத்தையும் தொடும் முன்பு கை கழுவ வேண்டும், பசை வேலை முடிந்ததும் மறுபடி கழுவ வேண்டும். கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரிவதில்லை. களிம்பு பூசினால் பக்கத்தில் எண்ணெய்க் கறை படிகிறது. இரண்டும் வேண்டாமென்று வெறுங்கையால் செய்தேன். போன வாரம் ஒரு பழைய அட்லஸில், நடுக்கடலில், ரத்தப் பொட்டு விழுந்துவிட்டது. யாரும் கண்டுபிடிக்காத ஒரு தீவு.

பிரிவுத் தலைவி பார்த்தார். நல்லவர்தான், கத்தவில்லை. "கை ஆறுற வரைக்கும் நீ முன்னாடி போய் ஸ்டிக்கர் ஒட்டும்மா. மார்ச் முடியறதுக்குள்ள ஆறலைன்னா மேசைக்கு வேற ஆளப் போடணும், என்னைத் தப்பா நினைக்காதே" என்றார். அந்த மேசைக்காக எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். கிடைத்த அன்று அம்மாவிடம்கூடச் சொல்லாமல் முதலில் உங்களிடம்தான் ஓடி வந்தேன்.

நீங்கள் அந்த வீட்டில் இருந்தவரை என் கை ஒருநாளும் வெடித்ததில்லை. அது உங்கள் சோப்பினால்தான் என்று அப்போது தெரியவில்லை. கை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். ஒரு கட்டி அனுப்ப முடியுமா? இரண்டு அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

சொல்லாமல் போய்விட்டீர்கள். அதைப் பற்றி எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன்.

சுண்டெலி


ஜனவரி 14

சுண்டெலிக்கு,

கடிதம் கிடைத்தது. என் தம்பி அடுத்த முறை வரும்போது அவனுக்கு டீ கிடையாது.

முதலில் ஒன்று. என்னை அண்ணி என்று எழுதாதே. உன் அண்ணனுக்கு மனைவியாக இருந்ததால் வந்த பட்டம் அது. கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட அன்றே அந்த உத்தியோகத்திலிருந்து விலகிவிட்டேன். உங்கள் வீட்டையே கைகழுவிவிட்டேன் என்று வைத்துக்கொள். போனில் இருந்த உங்கள் நம்பர்களையும் அழித்துவிட்டேன். போனில் பேசலாமா என்று கேட்காதே, உன் நம்பரையும் எழுதி அனுப்பாதே. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். பிறகு துணியில் ஈரம் எப்படி வந்தது என்று கடை முதலாளியம்மா கேட்பார். இங்கே ஒரு கடையில் ஜன்னல் திரைகள் தைக்கிறேன். நாள் முழுக்க ஊரார் ஜன்னல் அளவுதான். என் அறையில் இருக்கிற ஒரே ஜன்னலோ திறக்காது.

சோப்பு அனுப்ப முடியாததற்கும் அந்த ஜன்னல்தான் காரணம். இங்கே வந்த பிறகு நான் சோப்பு செய்யவே இல்லை. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்தால் கிளம்புகிற ஆவி தொண்டையை அறுக்கும். இந்த அறையில் கரைத்தால் சோடாவுக்கு முன்னால் நான் கரைந்துவிடுவேன். என் தராசு, அச்சுப் பெட்டி எல்லாம் உன் அண்ணன் வீட்டுச் சமையலறை அலமாரியில் மேல்தட்டில் இருக்கும். அவர் தூக்கி எறிந்திருந்தால் அதுவும் இல்லை.

ரத்தம் வருகிற வெடிப்பு எந்தெந்த விரலில்? டாக்டர் என்ன சொன்னார்? இதற்கு மட்டும் பதில் எழுது.

சொல்லாமல் போனதைக் கேட்டிருந்தாய். சொல்லியிருந்தால் போயிருக்கமாட்டேன்.

திரை தைப்பவள்


ஜனவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

ஆமாம், அண்ணிதான். உங்கள் ராஜினாமாக் கடிதம் கிடைத்தது. ஆனால் அந்த வீட்டில் நீங்கள் இரண்டு உத்தியோகம் பார்த்தீர்கள். ஒன்று அவனுக்கு மனைவி, இன்னொன்று எனக்கு அண்ணி. கோர்ட்டில் விலகியது முதல் வேலையிலிருந்து. இரண்டாவது வேலைக்கு மேலதிகாரி நான்தான். நான் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை.

கேட்ட கேள்விக்குப் பதில்: வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரத்தம் வருகிறது. தாளைப் பிடிக்கிற விரல்கள் அவைதான். மற்றவற்றில் மேலோட்டமான வெடிப்புதான். தோல் டாக்டர் ராத்திரிக்கு மட்டும் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். "மொதல்ல அந்த நுரை சோப்பைத் தூக்கிப் போடுங்க. முன்னாடி எது ஒத்துக்கிச்சோ அதுக்கே போங்க" என்றார். முன்னாடி ஒத்துக்கொண்டது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

அண்ணனிடம் உங்கள் சாமான்களைப் பற்றிக் கேட்டேன். "இருக்கு" என்றான். அவ்வளவுதான் பேச்சு. நேற்று ஒரு பையில் எல்லாவற்றையும் கொண்டுவந்து, நான் இப்போது தனியாக இருக்கிற வீட்டில், மேசையில் அடுக்கினான். தராசுக்குப் புது பேட்டரி போட்டிருந்தான். அச்சுப் பெட்டியில் ஒரு தூசி இல்லை. நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

ஆகவே சாமான் இருக்கிறது. என் வீட்டில் ஜன்னல் திறக்கும். பால்கனிகூட உண்டு. ஒருவர் நிற்கலாம், இருவர் நின்றால் சண்டை வரும். நீங்கள் செய்முறையை எழுதி அனுப்பினால் நானே செய்துகொள்வேன். அனுப்பாவிட்டால் யாரோ எதையோ செய்து காட்டுகிற வீடியோவைப் பார்த்துச் செய்வேன். எது மேல் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

சுண்டெலி


ஜனவரி 27

சுண்டெலிக்கு,

மிரட்டல் வேலை செய்துவிட்டது. ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படி.

முதல் வேலை பயப்படுவது. பயப்படாதவர்கள் சோப்பு செய்யக் கூடாது. காஸ்டிக் சோடா பார்ப்பதற்குக் கல்லுப்பு மாதிரி அப்பாவியாக இருக்கும். தோலில் பட்டால் முதலில் எரிச்சல்கூடத் தெரியாது, வழுக்கும். வழுக்குவது உன் தோல்தான். அதில் இருக்கிற கொழுப்பு அங்கேயே சோப்பாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிக்கொண்டே இரு, போதும் என்று தோன்றிய பிறகும் கழுவு. வெடித்த கையோடு நீ இதைத் தொடப்போகிறாய், அதனால் இதில் ஒன்றும் குறையக் கூடாது. முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணுக்கு மூடிய கண்ணாடி, முழுக்கைச் சட்டை, காலுக்குச் செருப்பு. அலுமினியப் பாத்திரம் பக்கத்திலேயே வரக் கூடாது, சோடாவின் காரம் அதை அரித்துவிடும். ஸ்டீல் எடுத்துக்கொள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார். வேறு எதையும் கண்ணில் விட்டுவிடாதே.

எல்லாவற்றையும் தராசில் வை, தண்ணீரைக்கூட. டம்ளர் கணக்கு, கண் திட்டம், கைப்பக்குவம் எல்லாம் சமையலுக்கு. ஒவ்வொரு எண்ணெயும் ஒவ்வோர் அளவு காரம் தின்னும். அந்தப் பசிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் நாம் போடுகிறோம். அப்போதுதான் காரம் முழுக்கத் தீர்ந்து, துளி எண்ணெய் மிச்சமாகிக் கைக்கு மெதுவாக இருக்கும். அதனால் கிராம் மாறக் கூடாது.

நூற்று அறுபது கிராம் குளிர்ந்த தண்ணீர், எழுபது கிராம் காஸ்டிக் சோடா. தண்ணீர்ப் பாத்திரத்தைப் பால்கனியில் வைத்து, சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் தூவிக் கிளறு. தண்ணீரில் சோடாவைப் போட வேண்டும், சோடாவில் தண்ணீரை ஊற்றக் கூடாது. மாற்றினால் பொங்கி முகத்தில் அடிக்கும். விருந்தாளிதான் வீட்டுக்கு வர வேண்டும், வீடு விருந்தாளியிடம் போகாது. அப்படி ஞாபகம் வைத்துக்கொள். அடுப்பில்லாமலே கொதிக்கிற மாதிரி சுடும். ஆவி வரும். முகத்தைத் திருப்பிக்கொள். கலங்கலாக இருந்தது தெளிந்து, பாத்திரத்தின் வெளிப்பக்கம் இளஞ்சூட்டுக்கு வரும்வரை அதை யாரும் தொடாத இடத்தில் வை.

எண்ணெய்கள்: முந்நூறு கிராம் ஆலிவ் எண்ணெய். ஐம்பது கிராம் விளக்கெண்ணெய், உன் அண்ணனைச் சொல்லவில்லை, கடையில் விற்பதைச் சொல்கிறேன். நூற்றைம்பது கிராம் எண்ணெய். நல்ல எண்ணெயாகப் பார்த்து வாங்கு, சிக்கு வாடை அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடு. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து இளஞ்சூடு காட்டு.

இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்ததும் காரத் தண்ணீரை மெல்லிய தாரையாக எண்ணெயில் ஊற்றிக் கலக்கு. கலக்கிக்கொண்டே இரு. கை வலிக்கும், எல்லாம் வீணாய்ப் போயிற்று என்று தோன்றும், நிறுத்தாதே. திடீரென்று கெட்டிப்படும். கரண்டியைத் தூக்கி ஒழுகவிட்டால் மேலே ஒரு கோடு விழுந்து அப்படியே நிற்கும். அந்தக் கோட்டைப் பார்த்ததும் அச்சில் ஊற்றி, துண்டால் போர்த்தி வை. மறுநாள் வெட்டு. வெட்டியதை ஒரு மாதம் காற்றில் வை, அவ்வப்போது திருப்பிப் போடு. புதுச் சோப்பு கோபக்காரன், ஆற விட வேண்டும். அதுவரை கையில் தேய்க்கக் கூடாது.

அச்சுப் பெட்டியைத் துடைத்தது யாரென்று நான் கேட்கவில்லை.

திரை தைப்பவள்


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

செய்துவிட்டேன். முகம், மூக்கு, கண் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அண்ணனும் வந்திருந்தான், ஒரே பஸ்ஸில் வந்து இறங்குகிற தூரம்தானே. நான் வேஷம் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து, "எங்க, கிணறு தோண்டவா?" என்று கேட்டான். இந்த மாதத்துக்கு அவன் பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். உங்கள் கடிதத்தைக் கண்ணாடிக் கதவில் ஒட்டிவைத்து வரிவரியாகச் செய்தேன். விருந்தாளியை வீட்டுக்குத்தான் அழைத்தேன். பாத்திரம் சுட்டதைப் பார்த்துக் கொஞ்சம் ஆடிப்போனேன். தண்ணீரும் உப்பு மாதிரி ஒரு பொடியும் சேர்ந்து இவ்வளவு கோபப்படுமா?

எண்ணெய் மட்டும் ஒன்று குறைந்தது. அண்ணனைக் கடைக்கு அனுப்பினேன். "நூத்தம்பது கிராம் வேணும், நல்ல எண்ணெயா வாங்கிட்டு வா" என்றேன். தலையாட்டினான், போனான், வாங்கி வந்தான். மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க நல்லெண்ணெய் வாசனை. எனக்குப் பசியே எடுத்துவிட்டது. இந்தச் சோப்பைத் தேய்த்துக் குளித்தால் யாராவது தாளித்துவிடுவார்கள்.

கலக்கினோம், கலக்கினோம், அப்படிக் கலக்கினோம். என் கை ஓய்ந்ததும் அவன் வாங்கிக்கொண்டான். நீங்கள் எழுதிய மாதிரியே, எல்லாம் போச்சு என்று நான் நினைத்த நேரத்தில், "கோடு" என்றான். எட்டிப் பார்த்தேன். கோடு விழுந்து நின்றது. அண்ணி, என் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? நீங்கள் சமையலறையில் நின்று எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னவோ செய்வீர்களே, அது இதுதானா? இத்தனை வருஷம் இதைச் செய்துவிட்டு, ஒன்றுமே செய்யாத மாதிரி வாஷ்பேசினில் ஒரு கட்டியை வைத்துவிட்டுப் போவீர்கள். நன்றி என்கிற வார்த்தை எனக்குப் போதவில்லை.

இன்று காலை வெட்டினேன். ஓரம் கொஞ்சம் உதிர்கிறது, சாக்பீஸ் மாதிரி. பரவாயில்லை, முதல் முயற்சிதானே. திருப்பி வைக்கிற வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டான். தினமும் வேலை முடிந்து வந்து பார்ப்பானாம். சனிக்கிழமை லீவு, காலையிலேயே வருவானாம்.

ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யப்போகிறேன், கோபப்படாதீர்கள். வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள் தலைவி என் கையைப் பார்க்க வேண்டும் என்கிறார். ஒரு மாதம் எல்லாம் பொறுக்க முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தேய்க்க ஆரம்பித்தால் நாள் சரியாக இருக்கும். வெடிப்பில் நன்றாகப் படும்படி தேய்க்கிறேன்.

சுண்டெலி


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததா, அந்த ஜன்னலாவது திறந்ததா?

சனிக்கிழமை நடந்ததை இன்னும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அழைப்பு மணி அடித்தபோது நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன்தான் கதவைத் திறந்தான். நான் ஓடி வந்தபோது நீங்கள் செருப்புகூடக் கழற்றாமல் நடுக்கூடத்தில் நின்று, காரம் மிச்சமிருக்கிறதா என்று சோப்புத் துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மின்சாரம் தாக்கின மாதிரி தலையை உதறினீர்கள். "இதைத் தேய்ச்சியா? கையக் காட்டு, மொதல்ல கையக் காட்டு" என்றீர்கள். இல்லை என்றதும் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டீர்கள். அப்போதுதான் செருப்பைக் கழற்றினீர்கள். ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு, லீவு சொல்லிவிட்டு, அவ்வளவு தூரம் பஸ் ஏறி வருவார்களா, அண்ணி?

தேங்காய் எண்ணெயை நீங்கள் உங்கள் ஊர்ப் பேச்சில் வெறும் "எண்ணெய்" என்றுதான் சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு வருஷம் கேட்ட பேச்சு. நீங்கள் நல்ல எண்ணெய் என்று எழுதினீர்கள், நான் நல்ல எண்ணெய் என்று சொன்னேன், அண்ணன் கடையில் போய் நல்ல எண்ணெய் என்று கேட்டான், கடைக்காரர் நல்லெண்ணெயைக் கொடுத்தார். நாலு பேரும் சரியாகத்தான் பேசியிருக்கிறோம். சாமான் மட்டும் தப்பாக வந்துவிட்டது.

தேங்காய் எண்ணெய் தின்கிற அளவு காரத்தை நல்லெண்ணெய் தின்னாது என்று சொன்னீர்கள். தின்றது போக மிச்சக் காரம் கட்டிக்குள் உட்கார்ந்து என் வெடிப்புக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. நீங்கள் வராமல் இருந்திருந்தால் தலைவிக்குக் காட்டக் கையே இருந்திருக்காது. அண்ணன் முந்தைய நாளே வெட்டின தூளை எடுத்துக் கை கழுவிப் பார்த்துச் சிவந்துபோய் நின்றிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. "நீ தேய்க்கறதுக்கு முன்னாடி சொல்லலாம்னு இருந்தேன்" என்கிறான். விளக்கெண்ணெய் என்று நீங்கள் பெயர் வைத்ததில் தப்பே இல்லை.

நாம் எல்லாவற்றையும் துருவினோமே, இன்னும் ஐம்பது கிராம் ஆலிவ் எண்ணெய் விட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துக் குழைத்தோமே, அது இறுகிவிட்டது. மேடும் பள்ளமுமாக, யாரோ கோபத்தில் பூசின சுவர் மாதிரி இருக்கிறது. நீங்கள் சொன்னபடி நேற்று நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். சுள்ளென்று இல்லை. வெறும் சோப்பு. கண்றாவியாக இருந்தது, ஆனந்தமாக இருந்தது.

இரண்டு கேள்விகள். கதவைத் திறந்தபோது என்ன நடந்தது? அண்ணனிடம் கேட்டால், "வந்தா. சோப்பு எங்கன்னா. குடுத்தேன்" என்கிறான். முழுக்கதை அதுதானாம்.

இரண்டாவது: நீங்கள் போன பிறகு வாஷ்பேசினில் ஒரு கட்டி இருந்தது. பழைய கட்டி, நீங்கள் முன்பு செய்வது, ஓரம்கூடத் தேயாதது. சோப்பே செய்வதில்லை என்றீர்களே, இது எங்கிருந்து வந்தது?

சுண்டெலி


பிப்ரவரி 24

சுண்டெலிக்கு,

ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. ஜன்னல் திறந்தது, ஆனால் மூட மாட்டேன் என்றது. எனக்கு வாய்க்கிற ஜன்னல்கள் இப்படித்தான்.

உன் முதல் கேள்வி. கதவு திறந்ததும் அவரைப் பார்த்தேன். நான் எதிர்பார்த்தது உன்னை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சிவந்துபோன தன் இரண்டு கையையும் நீட்டி, "எண்ணெய் வாங்கினது நான்தான். அவளத் திட்டாதே" என்றார். ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டு நிரம்பாது. அதில் இதுதான் நீளமானது. சோப்பு எங்கே என்று நான் கேட்டது வாயில் வேறு வார்த்தை வராததால்.

இதை வைத்துக் கோட்டை கட்டாதே. அவர் கெட்டவர் இல்லை என்பது எனக்கு அன்றும் தெரியும். நல்லவரோடு பேச்சில்லாத வீட்டில் இருப்பது எப்படி என்பது உனக்குத் தெரியாது, தெரிய வேண்டாம். அவர் வாழ்க்கை அவருக்கு, என் தையல் எனக்கு. ஆனால் அந்த வாசலைத் தாண்டிப் போன பிறகு, மனசுக்குள் ஒரு முடிச்சு தளர்ந்த மாதிரி இருக்கிறது. தூசி இல்லாத அந்த அச்சுப் பெட்டியைக் கையில் எடுத்தபோதே கொஞ்சம் தளர்ந்தது. அவரிடம் இதைச் சொல்ல வேண்டாம். நன்றி என்று மட்டும் சொல், அவருக்குப் புரிகிற நீளம் அதுதான்.

இரண்டாவது கேள்வி. வீட்டை விட்டு வரும்போது பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒரு கட்டியை வைத்துக்கொண்டு வந்தேன். ஏன் என்று கேட்காதே. வீட்டையே கைகழுவினவள் சோப்பை மட்டும் எடுத்துவந்தாள். தேய்க்க மனசு வரவில்லை. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் உங்கள் வீட்டு வாசனை வரும், மூடிவிடுவேன். நன்றாக ஆறின கட்டி அது, தண்ணீர் பட்டால் மெதுவாகக் கரையும். புதுச் சோப்பு ஆறும்வரை அதைத் தேய். கழுவிவிட்டு உடனே ஒத்தி எடு, துடைக்காதே. பெட்டியில் கிடந்ததற்கு உன் விரலில் கரைந்து போகட்டும்.

இனி நான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மணியை அடித்துவிட்டு வெளியே நின்றபோது, உள்ளேயிருந்து உன் குரல் கேட்டது. "யாருண்ணா, அண்ணியா?" என்றாய். நான் வருவதை யாரிடமும் சொல்லவில்லை. எப்படித் தெரிந்தது?

அன்று துருவிக்கொண்டிருந்தபோது நீ என்னிடம் எதையும் தோண்டிக் கேட்கவில்லை. அதற்கும் நன்றி.

திரை தைப்பவள்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

மேசைக்குத் திரும்பிவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரியில் தலைவி பார்த்தபோது வெடிப்பின் ஓரங்கள் மூட ஆரம்பித்திருந்தன. உங்கள் பெட்டிக் கட்டியின் புண்ணியம். அவர் மார்ச் முடிய இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். பிறகு புதுச் சோப்புக்கு மாறினேன். நீங்கள் சொன்ன தேதிக்கு முன்னால் தொடவில்லை, அண்ணன் சாட்சி. நேற்று முன்தினம் அவர் என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மெல்லிய தாளை என் விரல் மேல் வைத்து இழுத்தார். எங்கேயும் சிக்கவில்லை. "என்ன சோப்பும்மா இது?" என்றார். எங்க அண்ணி செய்யறது என்றேன். நான் கலக்கினதை எல்லாம் சொல்லவில்லை, பெருமையை உங்களுக்கே விட்டுவிட்டேன். தனக்கு ஒரு கட்டி வேண்டுமாம். அவருக்கும் கை வெடிக்குமாம், இத்தனை நாள் மறைத்து வைத்திருந்திருக்கிறார். அவலட்சணமான கட்டியில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.

முதலில் கையில் எடுத்தது அந்த அட்லஸைத்தான். கடல் நடுவில் நான் உண்டாக்கின தீவை ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். முழுக்கப் போகவில்லை. மங்கலாக இருக்கிறது. கிழிந்த ஓரத்தை ஒட்டும்போது, தாள் எங்கே முடிகிறது, பசை எங்கே தொடங்குகிறது என்பது விரலுக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடலில் இன்னொரு துளி விழக் கூடாது என்று தள்ளிப் போய் நின்று அழுதேன்.

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்து வந்தேன். கை வெடிக்காமல் இருந்ததற்கும் நன்றி சொல்லவில்லை, வெடித்த பிறகு வந்ததற்கும் சரியாகச் சொல்லவில்லை. கை கழுவும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். என் வேலையில் அது எத்தனை தடவை என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் நன்றியை அண்ணனிடம் சொன்னேன். "ம்" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டே, "அவ அறையில ஜன்னல் திறக்காதாமே" என்றான். உங்கள் கடிதத்தை அவன் படித்தானா என்று கேட்காதீர்கள், செய்முறைக் கடிதம் கதவில் இருந்தபோது மற்றதும் மேசையில்தான் கிடந்தது. நானும் கோட்டை கட்டவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். எனக்கு எதுவும் தெரியாது, அண்ணி. நீங்கள் போன நாளிலிருந்து, மணி அடித்தால் என் வாயில் வருவது அந்தக் கேள்விதான். கூடவே யார் இருந்தாலும், யாருமே இல்லாவிட்டாலும், "அண்ணியா?" என்றுதான் கேட்பேன். பால்காரருக்குப் பழகிவிட்டது. "இல்லம்மா, பால்" என்பார்.

சுண்டெலி


ஏப்ரல் 10

சுண்டெலிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன், தப்பு செய்துவிட்டேன். துணியில் ஈரம் எப்படி வந்தது என்று முதலாளியம்மா கேட்டார். தண்ணீர் குடித்தேன் என்றேன். நம்பவில்லை, ஆனால் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கையைப் பார்த்துக்கொள். வெயில் வந்துவிட்டது என்று அலட்சியமாக இருக்காதே. சோப்பை நீரில் ஊறவிடாதே, அடியில் ஒரு துளைத் தட்டு வை. தலைவிக்குக் கொடுத்தது நல்லது, ஆனால் அவலட்சணமானதைக் கொடுத்தது சரியில்லை. அவருக்கு ஒழுங்கான கட்டி ஒன்று செய்ய வேண்டும்.

அன்றைக்கு உங்கள் வீட்டையே கைகழுவிவிட்டேன் என்று எழுதினேன். எழுதும்போது ரொம்பத் தெம்பாக இருந்தது. இப்போது யோசித்தால், கைகழுவ எனக்குத் தெரிந்த சோப்பு உன் வீட்டில்தான் இருக்கிறது. தராசும் அங்கே, அச்சுப் பெட்டியும் அங்கே, திறக்கிற ஜன்னலும் அங்கே. ஒவ்வொரு தடவை கைகழுவவும் அங்கேதான் வந்தாக வேண்டும் போலிருக்கிறது.

மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பால்கனியில் இருவர் நின்றால் சண்டை வரும் என்றாய், வரட்டும். ஆலிவ் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் நீ வாங்கி வை. எண்ணெய் நானே கொண்டுவருகிறேன். தேங்காய் எண்ணெய். இந்த முறை முழுப்பெயரையும் எழுதிவிட்டேன். உன் அண்ணன் அன்று வந்தால் வரட்டும், கலக்குவதற்கு ஒரு கை வேண்டும். கடைக்கு மட்டும் அனுப்பாதே.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடிப்பேன். பால்காரரும் நானும் ஒரே நேரத்துக்கு வந்தாலும் வருவோம். மணி அடித்தால் வழக்கம்போலக் கேள். போன தடவை பதில் சொல்லாமல் சோப்பைக் கேட்டேன். இந்தத் தடவை பதில் சொல்கிறேன்.

அண்ணி